சாவி யாரிடம்? மலைக் கிராம நூலகம் பற்றி எட்டாம் வகுப்பில் ஒரு செயல்திட்டம்

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எங்கள் மலையில் எல்லோருக்கும் வேலை இருக்கும். சென்ற சனவரியில் ஒரு மாலை, பள்ளி முடிந்து பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். முன்னாள் மாணவி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். எட்டாம் வகுப்பு வரை எங்களிடம் படித்தவள். வீட்டுச் சூழலால் மேற்கொண்டு படிக்கவில்லை. அது நடந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது எஸ்டேட் வேலைக்குப் போகிறாள்.

“டீச்சர், பழைய தமிழ்ப் புத்தகம் ஏதாச்சும் இருக்குங்களா? எந்த வகுப்பா இருந்தாலும் பரவால்லைங்க. படிச்சே ரொம்ப நாளாச்சு. எழுத்து மறந்துபோயிருமோன்னு பயமா இருக்குதுங்க.”

பள்ளி நூலக அலமாரியிலிருந்து மூன்று கதைப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். அவள் போய்விட்டாள். அவள் சொன்னது போகவில்லை. எட்டு ஆண்டுகள் நாம் பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த எழுத்து, படிக்க எதுவும் கிடைக்காத ஒரே காரணத்தால் ஒரு பெண்ணின் கையைவிட்டு நழுவுமானால், நம் உழைப்புக்கு என்ன பொருள்? பள்ளி ஒருநாள் முடிந்துவிடும். அதன் பிறகும் முடியாமல் இருக்க வேண்டிய ஒன்று ஊரில் தேவை. அதுதான் பொது நூலகம்.

அடுத்த சூனில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு கேள்வியை வைத்தேன்: “நம்ம ஊருக்கு ஒரு நூலகம் வேணும்னா, அதை எப்படித் திட்டமிடுவீங்க?” நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். அளவைகள், வாழ்வியல் கணிதம், புள்ளியியல் ஆகிய மூன்று இயல்களையும் ஒரே செயல்திட்டத்தில் கொண்டுவரலாம் என்பதே என் முதல் எண்ணம். செயல்திட்டம் அதைத் தாண்டிப் போயிற்று. அதில் நானும் மாணவர்களும் கற்றவற்றை, தவறுகளையும் சேர்த்து, ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் வரைபடமும் முதல் கேள்வியும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் எங்கள் பள்ளி. சமவெளி ஊராட்சிகளைப் போல இங்கே வீடுகள் ஓரிடத்தில் கூடியிருக்காது. ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் காப்பித் தோட்டங்களுக்கும் சரிவுகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கும். ஒரு குக்கிராமத்தில் இருக்கும் வசதி அடுத்ததற்கு எட்டாது. மழையும் மூடுபனியும் இறங்கினால் பக்கத்து ஊரும் தூரமாகிவிடும்.

மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்துவரச் சொன்னேன். ஐந்து குழுக்களும் கட்டடங்களை வரைந்து வந்தன. இரண்டு மாடி, கண்ணாடிச் சன்னல், கணினி அறை, முன்னால் பூந்தோட்டம், ஒன்றில் நீரூற்றுகூட இருந்தது. எல்லாமே அழகு. பலகையில் ஒட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவன் கேட்டான்:

“இதோட சாவி யாருகிட்ட இருக்கும், டீச்சர்?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டிய கட்டடங்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளையின் கேள்வி அது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழகத்தின் ஊராட்சிகள்தோறும் நூலகம் அமைக்கும் பெரும் பணி நடந்தது. அவற்றில் ஊரார் உரிமையோடு நடத்திய நூலகங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. திறப்பதற்கு ஆள் அமையாத இடங்களில் புத்தகங்கள் உள்ளேயும் பிள்ளைகள் வெளியேயுமாக நின்றுவிட்டார்கள். செங்கல்லும் சிமெண்டும் இருந்தும் நூலகம் இல்லாமல் போகலாம் என்பதை அந்த மாணவன் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டான். அன்று வரைபடங்களைக் கழற்றி வைத்தோம். வாசகரிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

நமக்கு முன்னே போனவர்கள்

சமூக அறிவியல் ஆசிரியரின் துணையோடு இரண்டு பாடவேளைகளை நூலக வரலாற்றுக்கு ஒதுக்கினோம். அதில் மூன்று செய்திகள் மாணவர்களுக்கு வழிகாட்டின.

முதலாவது, சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். அவரும் நம்மைப் போல ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். தொடக்கத்தில் அந்த வேலையின் தனிமை பிடிக்காமல் மீண்டும் கற்பிக்கும் பணிக்கே போகிறேன் என்று கேட்டவர் அவர். பின்னர் இங்கிலாந்து சென்று, அங்கே பொது நூலகங்கள் எளிய மக்களின் வாழ்வில் கலந்திருப்பதைக் கண்டு திரும்பினார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் நூலகவியலின் அடிப்படை. அவர் பிறந்தநாளாக ஆகஸ்டு 12ஐத் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

இரண்டாவது, மன்னார்குடி. அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை அலுவலர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை. வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போகட்டும் என்பதே அதன் தத்துவம். இதே எண்ணம் வேறொரு நாட்டில் வேறொரு ஆசிரியருக்கும் தோன்றியிருக்கிறது. கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் 1990களின் பிற்பகுதியிலிருந்து இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குப் போய்வந்தார். கழுதைகளின் பெயர் ஆல்ஃபா, பெத்தோ. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் மொழியில் ‘எழுத்து வரிசை’ என்று பொருள். இதைச் சொன்னதும், பொதி சுமக்கும் குதிரைகளைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருந்த என் மாணவர்கள், குதிரைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவது, யாழ்ப்பாணம். க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்துப் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். 1934இல் ஊர்ப் பெரியவர்கள் குழு அமைத்து, 844 நூல்களுடன் ஒரு வாடகை அறையில் நூலகத்தைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு நகரசபை அதைப் பொறுப்பேற்றது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்த, இரங்கநாதனின் ஆலோசனையும் பெற்ற புதிய கட்டடம் திறக்கப்பட்டது 1959இல்தான். வாடகை அறைக்கும் சொந்தக் கட்டடத்துக்கும் இடையே 25 ஆண்டுகள்! அந்த 25 ஆண்டுகளும் நூலகம் இயங்கிக்கொண்டேதான் இருந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டதையும் மாணவர்களிடம் மறைக்கவில்லை. அதன் பின்னும் அந்த ஊர் மக்கள் நூலகத்தைக் கைவிடவில்லை. அதே இடத்தில் மீண்டும் எழுந்து இன்று இயங்குகிறது. “அப்ப நாமளும் ஒரு ரூம்லயே ஆரம்பிக்கலாம்ல?” என்று ஒரு மாணவி கேட்டாள். வரலாற்றுப் பாடத்தின் பயன் அந்தக் கேள்வி.

ஐந்து விதிகளும் ஐந்து கேள்விகளும்

இரங்கநாதனின் விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் எங்கள் ஊருக்கான கேள்வியாக மாற்றினோம்.

1. நூல்கள் பயன்பாட்டுக்கே. நம் ஊரில் நூலகம் எங்கே இருந்தால், எப்போது திறந்தால் மக்கள் வருவார்கள்?

2. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். நம் ஊரில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன தேவை?

3. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். ஒரு புத்தகம் இருப்பது அதற்குரியவருக்கு எப்படித் தெரியும்?

4. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும். தேடுவதற்கும் பதிவதற்கும் எவ்வளவு நேரம் ஆகும்?

5. நூலகம் வளரும் உயிர். ஐந்து ஆண்டுகள் கழித்து இடம் போதுமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை வகுப்பறைக்குள் இல்லை. தலைமையாசிரியரின் அனுமதியோடும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் துணையோடும் மாணவர்கள் வீடு வீடாகப் போனார்கள். வினாப்படிவத்தில் ஆறு கேள்விகள் மட்டும். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? கடைசியாக என்ன வாசித்தீர்கள்? எதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை? எந்த நாளில், எந்த நேரத்தில் வர முடியும்? எவ்வளவு தூரம் நடக்க முடியும்? வாசிக்கத் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்டினால் வருவீர்களா?

கடைசிக் கேள்வியைச் சேர்த்தவர்கள் மாணவர்களே. நான் யோசிக்கவில்லை.

விடைகளைப் பட்டியலிட்டு, நேர்க்கோட்டுக் குறிகளால் எண்ணி, பட்டை வரைபடமாக வரைந்தபோது புள்ளியியல் பாடம் நடந்துவிட்டது. எங்களை மாற்றியது வரைபடம் சொன்ன செய்தி. நாங்கள் நினைத்திருந்த நேரம் பள்ளி நாள்களில் காலை பத்து முதல் மாலை ஐந்து. அந்த நேரத்தில் பெரியவர்கள் தோட்டத்தில், பிள்ளைகள் பள்ளியில். வர ஆளே இல்லை. மாலை ஆறுக்கு மேல் திறக்கலாம் என்றால், இருட்டிய பிறகு காட்டெருமை நடமாடும் பாதையில் யாரும் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். ஞாயிறு முழுவதும், சனி பிற்பகல், வார நாளில் ஒருநாள் வேலை விட்டு வருவதற்கும் இருட்டுவதற்கும் இடைப்பட்ட சிறிது நேரம், இவ்வளவுதான் எங்கள் ஊரின் வாசிப்பு நேரம். அறுவடைக் காலத்தில் அதுவும் சுருங்கும். மழைக்காலத்தில் விரியும்.

இடமும் அப்படித்தான். ஐந்து குழுக்களில் நான்கு, நூலகத்தைப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே வைத்திருந்தன. எல்லோரும் வந்துபோகும் இடம் என்பது காரணம். கணக்கெடுப்புக்குப் பிறகு மாணவிகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: “அங்க எந்நேரமும் ஆம்பளைங்க கூட்டமா நிப்பாங்க டீச்சர். எங்கள வீட்ல விடமாட்டாங்க. அம்மாவும் வராது.” நால்வரில் இருவர் பெண்களாக இருந்த குழுக்கள்கூட முதலில் அந்த இடத்தையே வரைந்திருந்தன என்பதை நான் குறித்துக்கொண்டேன். கேட்டால்தான் சொல்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டும். பெண்கள் தண்ணீருக்கும் நியாய விலைக் கடைக்கும் போய்வரும் பாதையில், அங்கன்வாடி அருகே, ஒரு புது இடத்தைக் குறித்தோம்.

அளவைகள்: ஏழு நாற்காலிக் கணக்கு

அதன் பிறகுதான் அளவுநாடாவைக் கையில் எடுத்தோம். இதைக் கணித ஆசிரியர்கள் அப்படியே வகுப்பில் செய்து பார்க்கலாம்.

முதலில், ஓர் அடி நீளத் தட்டில் எத்தனை புத்தகங்கள் நிற்கும் என்று பள்ளி அலமாரியிலேயே அளந்தோம். தடித்த நாவல் என்றால் பத்து பன்னிரண்டு. மெல்லிய சிறுவர் நூல் என்றால் ஐம்பதுக்கும் மேல். கலந்து வைத்தால் சராசரி 15 என்று எடுத்துக்கொண்டோம்.

3 அடி அகலமும் 5 தட்டுகளும் கொண்ட ரேக் ஒன்றில் 3 × 5 = 15 அடி தட்டு நீளம் கிடைக்கும். 15 × 15 = 225 நூல்கள். ஐந்தாம் விதியின்படி நூலகம் வளர வேண்டுமே! மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நிரப்பினால் 150 நூல்கள். ஆயிரம் நூல்களுக்கு 1000 ÷ 150 = 6.67, அதாவது 7 ரேக்குகள். இங்கே ஏன் தசமத்தை மேல்நோக்கி முழுமையாக்குகிறோம் என்று கேட்டால், பாடநூலில் இல்லாத ஒரு விளக்கத்தை மாணவர்களே தருவார்கள்.

அடுத்து அறை. 20 அடி நீளம், 15 அடி அகலம் என்று கொண்டால் பரப்பு 300 சதுர அடி. ஒரு ரேக்கும் அதன் முன் ஒருவர் நின்று தேடும் இடமும் சேர்ந்து 3 × 4 = 12 சதுர அடி. ஏழு ரேக்குகளுக்கு 84. பதிவு மேசைக்கு 30. மீதி 186 சதுர அடி. நாற்காலி, மேசை, நடக்கும் வழி எல்லாம் சேர்த்து ஒரு வாசகருக்கு ஏறத்தாழ 25 சதுர அடி வேண்டும். 186 ÷ 25 = 7.44. ஏழே நாற்காலிகள்!

மாணவர்கள் திகைத்தார்கள். நூறு பேர் உட்காரலாம் என்று நினைத்திருந்தார்கள். “பாயில உக்காந்தா?” என்று ஒருவன் கேட்டான். குழந்தை ஒன்று பாயில் அமர 10 சதுர அடி போதும் என்று அளந்து பார்த்தோம். 100 சதுர அடியில் நான்கு நாற்காலிகள், மீதி 86 சதுர அடியில் பாயில் எட்டுக் குழந்தைகள். ஆக 12 பேர். மற்றவர்களுக்கு? வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். சிறிய நூலகம் உட்கார்ந்து படிக்கும் இடமாக இருப்பதைவிட எடுத்துச் சென்று படிக்கும் இடமாக இருப்பதே பொருந்தும் என்ற முடிவுக்கு மாணவர்கள் கணக்கின் வழியே வந்துசேர்ந்தார்கள்.

மழையும் பூஞ்சையும்

மலையில் புத்தகத்தின் முதல் எதிரி ஈரம். முன்பு நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஒரு மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தபோது அடித்தட்டுப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தது என் தவறு. அதை மாணவர்களிடம் சொன்னேன். உங்கள் வீட்டில் எந்தச் சுவர் முதலில் நனையும் என்று கேட்டேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்தப் பக்கத்துச் சாரல் உள்ளே அடிக்கும், எந்தச் சன்னலை ஆடியில் திறக்கக் கூடாது, தரை எந்த மாதத்தில் வியர்க்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் தானியமும் மிளகும் கெடாமல் காக்கும் முறைகளே புத்தகத்துக்கும் பொருந்தின. அவற்றைத் தொகுத்து இப்படி எழுதினார்கள்:

• தரையை வெளி மட்டத்தைவிட இரண்டடி உயர்த்த வேண்டும். கூரை நன்றாக வெளியே நீண்டிருக்க வேண்டும்.

• சாரல் அடிக்கும் சுவரில் ரேக் கூடாது. மற்றச் சுவர்களிலும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும்.

• அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி மேலே இருக்க வேண்டும்.

• எதிரெதிரே சன்னல் வேண்டும். வெயில் வரும் நாளில் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும்.

• சிறுவர் நூல்கள் சிறுவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வாசலில் சரிவுப் பாதை வேண்டும்.

இதை ஒரு பொறியாளர் பார்த்தால் இன்னும் திருத்துவார். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

வரி ரசீது சொல்லும் பாடம்

வாழ்வியல் கணிதத்துக்கு, வீட்டுவரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருப்பதைப் பெற்றோரே பலர் அப்போதுதான் கவனித்தார்கள். 1948இல் இயற்றப்பட்டு 1950 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியில் வந்தது அந்த வரி. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம் அது. வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கு என்று வசூலாகி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது.

ஒரு வீட்டின் வரி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூலக வரி 30 ரூபாய். அப்படி நூறு வீடுகள் என்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். ஆயிரம் நூல்கள் வாங்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்ட மாணவர்கள், சிறிய ஊரின் வரியால் மட்டும் ஒரு நூலகம் நடக்காது என்று கண்டுகொண்டார்கள். பெரிய ஊரின் பணமும் சிறிய ஊரின் பணமும் மாவட்ட அளவில் ஒன்றாகச் சேர்வது ஏன் என்பதும் அப்போது புரிந்தது. ‘இலவச நூலகம்’ என்பது யாரோ தரும் தருமம் அன்று. நம் வீட்டு 30 ரூபாயும் அதில் இருக்கிறது. உரிமையோடு கேட்கலாம்.

பிறகு ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் ‘ஒருமுறைச் செலவு’, வலப்பக்கம் ‘ஆண்டுதோறும் செலவு’ என்று எழுதச் சொன்னேன். கட்டடம், ரேக், நாற்காலி எல்லாம் இடப்பக்கம். பொறுப்பாளர் ஊதியம், நாளிதழ், புது நூல், மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் வலப்பக்கம். முதல் வரைபடங்களில் வலப்பக்கம் முழுதும் காலி. சாவி யாரிடம் என்ற கேள்வி வலப்பக்கத்துக் கேள்வி.

எந்த நூல்கள்?

கணக்கெடுப்பில் பெரியவர்கள் கேட்டவை எங்களை வியப்பில் ஆழ்த்தின. மிளகுக் கொடிக்கு வரும் நோய், தேனீ வளர்ப்பு, பிரசவத்துக்குப் பின் உணவு, நில ஆவணங்களைப் புரிந்துகொள்வது, அரசுப் பணித் தேர்வு, சாமி கதைகள், சமையல். கவிதையும் நாவலும் கேட்டவர்களும் இருந்தார்கள். வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவுகிறது. எழுத்தை மறந்துவிடுவோமோ என்று அஞ்சும் பெரியவர்களுக்கும் ‘நட’ நிலை நூல்கள் பொருந்தும். ஆனால் அவை குழந்தைகளுக்கு என்று தனியே ஒதுக்கி எழுதி வைத்தால் பெரியவர்கள் கூச்சப்பட்டு எடுக்கமாட்டார்கள். ஆகவே முதுகில் வண்ணத்தாள் மட்டும் ஒட்டினோம். மூன்றாம், நான்காம் விதிகளுக்கு எங்கள் விடையும் அந்த வண்ணங்கள்தாம்: விவசாயம் பச்சை, உடல்நலம் சிவப்பு, கதை மஞ்சள்.

இன்னொரு தட்டு இருக்க வேண்டும் என்று ஒரு மாணவியின் பாட்டி சொல்லி அனுப்பினார்: “எங்க கதையெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்குது?” எங்கள் மாணவர்களில் பலர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தமிழ் ஆசிரியர் இதைக் கட்டுரைப் பயிற்சியாக எடுத்துக்கொண்டார். மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே நூலாகத் தைத்தார்கள். எங்கள் திட்டத்தின் முதல் தட்டில் இன்று அந்தக் கையெழுத்து நூல்கள் நிற்கின்றன. அதிகம் இரவல் போவதும் அவைதாம்.

இப்போது எங்கே நிற்கிறோம்?

அக்டோபர் 2 கிராம சபையில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எங்கள் திட்ட அறிக்கையைக் கொடுத்தோம். இரண்டு மாணவிகள் பட்டை வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து விளக்கினார்கள். நூலகம் வேண்டும் என்ற தீர்மானம் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. கட்டடம் இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஊரார் ஒரு சிறிய அறையை ஒதுக்கித் தந்தார்கள். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த இருவர் சாவிக்குப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். ஒருவருக்கு வர முடியாத நாளில் மற்றவர். ஞாயிறும் சனி பிற்பகலும் திறக்கிறது. புதன்கிழமை ஒரு தகரப் பெட்டியில் நாற்பது நூல்கள் அடுத்த குக்கிராமத்துக்குப் பேருந்தில் போய், மறுவாரம் வேறு நாற்பதாக மாறுகின்றன. மாட்டு வண்டியின் இடத்தில் எங்களுக்குப் பேருந்து.

குறைகளும் உண்டு. அறுவடைத் தொடக்கத்தில் இரண்டு ஞாயிறு யாரும் வரவில்லை. சில நூல்கள் திரும்பவில்லை. மேற்கு மூலை ஒழுகுகிறது, ரேக்கை நகர்த்தியிருக்கிறோம். எழுத்து மறந்துவிடுமோ என்று கேட்டு வந்த அந்தப் பெண் இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். தனக்கு ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாத தன் அம்மாவுக்கு இரவில் வாசித்துக் காட்ட ஒன்று என்று இரண்டு எடுத்துப் போகிறாள்.

உங்கள் வகுப்பில் செய்ய: ஆறு வாரத் திட்டம்

வாரம் 1: குழுக்கள் நூலகத்தை வரைதல், ‘யார் திறப்பார்?’, ‘யார் வருவார்?’ என்று கேட்டு விவாதித்தல்.

வாரம் 2: நூலக வரலாறு, ஐந்து விதிகளை ஊருக்கான கேள்விகளாக மாற்றுதல், அருகிலுள்ள கிளை நூலகம் அல்லது ஊர்ப்புற நூலகத்துக்குச் சென்று நூலகரிடம் பேசுதல்.

வாரம் 3: வீடு வீடாகக் கணக்கெடுப்பு. பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுதல்.

வாரம் 4: தரவுகளைப் பட்டியலிடல், பட்டை வரைபடம், ஊர் வரைபடத்தில் இடம் தெரிவு செய்தல்.

வாரம் 5: தட்டு, ரேக், இருக்கைக் கணக்கு, இரு பத்திச் செலவுத் திட்டம், அளவுத்திட்டப்படி அறை வரைதல்.

வாரம் 6: நூல் பட்டியல்; ஊர்க் கதைத் தொகுப்பு; கிராம சபைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுதல்.

இதை வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகக் கொள்ளலாம். கணிதம், தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஒன்றாகத் திட்டமிட்டால் கூடுதல் பாடவேளை தேவைப்படாது. மதிப்பிடும்போது வரைபடத்தின் அழகுக்கு மதிப்பெண் தருவதைவிட, கணக்கெடுப்புக்குப் பிறகு மாணவர் தம் திட்டத்தில் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதற்கு மதிப்பெண் தாருங்கள். என் வகுப்பில் நடந்த உண்மையான கற்றல் அந்த மாற்றங்களில்தான் இருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தச் செயல்திட்டத்தைத் தொடங்கும் முன், உங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நின்றுபோன பிள்ளைகள் யார் யார் என்று பழைய பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். நாம் திட்டமிடும் நூலகத்தின் முதல் வாசகர்கள் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.